புகையின் பூர்வீகம்

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்க வேண்டும் என்று அனுமானிப்பது, தர்க்க சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதற் பாடம். கண்ணால் காண்பது பிரத்யட்சம். கண்டதைத் துணையாகக் கொண்டு காணாததை அறிவது அனுமானம். இந்தப் பாடத்தைச் சற்றே கடினமாக்கிப் பார்ப்போம். நெருப்பு அணைந்துவிட்டது, புகையும் கலைந்துவிட்டது, அதன்மேல் பத்து வருஷங்களும் கடந்துவிட்டன, புகையோடு வந்த ஒரு நஞ்சின் அணுவளவு எச்சம் மாத்திரம், நிறமும் மணமும் இல்லாமல், வயலின் மண்ணிலும் ஏரியின் வண்டலிலும் பசுவின் பாலிலும் தங்கியிருக்கிறது. அந்த எச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த நெருப்பில் பிறந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, இதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் விடை கூற முடியுமா? டயாக்சின் என்னும் மாசின் மூலஸ்தானத்தைத் தேடும் விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருவது இந்த அனுமானத்தைத்தான்.

இவ்விஷயத்தைச் சித்தூரையும் திருப்பதியையும் முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் நிலத்தின் வடவெல்லை என்று பழம்பெரும் இலக்கணம் வகுத்த வேங்கடத்தைச் சூழ்ந்த இப்பிரதேசம், 1911-ல் சித்தூர் ஜில்லாவாக உருவாகி, 2022 ஏப்ரலில் ஜில்லாக்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர்கள் இன்றும் இங்கே ஏராளம். பாலும் கரும்பும் மாம்பழமும் நிலக்கடலையும் இந்த மண்ணின் ஜீவாதாரம். விஷவாயு கக்கும் மாபெரும் ரசாயன நகரம் ஒன்று இங்கே இல்லை. ஆனால் டயாக்சினைப் பிறப்பிக்கக்கூடிய சிறு நெருப்புகளில் அநேகமாக எல்லா வகைகளும் உண்டு. அவற்றின் நடுவே, நாள்தோறும் அறுபதாயிரம் எழுபதாயிரம் யாத்திரிகர்கள் வந்துபோகும் ஒரு க்ஷேத்திரமும் இருக்கிறது. பெரிய புகைபோக்கி ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாத இத்தகைய பிரதேசத்தில்தான் மூலத்தைக் கணக்கிடும் கலை உண்மையாகச் சோதிக்கப்படுகிறது.

டயாக்சின் என்பது ஒரே பொருளின் பெயரன்று. குளோரின் அணுக்கள் ஏறிய ஒரு பெரிய ரசாயனக் குடும்பத்துக்கு இட்ட பெயர். டயாக்சின் கிளையில் 75 உறுப்பினர்கள். அதற்குப் பங்காளியான ஃபியூரான் கிளையில் 135. இந்த இருநூற்றுப் பத்தில் 17 மட்டுமே கொடிய நஞ்சு வாய்ந்தவை. அவற்றுள்ளும் குளோரின் அணுக்கள் இரண்டு, மூன்று, ஏழு, எட்டு ஆகிய இடங்களில் அமர்ந்த ஒன்று எல்லாவற்றிலும் கொடியது. மற்றவற்றின் வீரியத்தை அதனோடு ஒப்பிட்டு, அதற்குச் சமமான அளவாக மாற்றி, நச்சுச் சமான அளவு என்று ஒரே தொகையாகக் கூறுவது வழக்கம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல் இந்தக் கொடிய உறுப்பினரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. கருவில் வளரும் சிசுவின் வளர்ச்சி, நோயெதிர்ப்புச் சக்தி, ஹார்மோன்களின் சமநிலை ஆகியவற்றையும் இது குலைக்கிறது. உடலின் கொழுப்பில் புகுந்தால் அதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஏழு முதல் பதினோரு வருஷங்கள் ஆகின்றன.

சோதனைச்சாலையின் தேவைக்காகச் சிறிதளவு தயாரிப்பதைத் தவிர, இந்தப் பொருளை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வியட்நாம் காடுகளின்மேல் அமெரிக்க விமானங்கள் தெளித்த ஆரஞ்சு ஏஜென்ட் என்ற களைக்கொல்லியில் அது கலப்படமாக இருந்தது. 1976 ஜூலை 10-ஆம் தேதி இத்தாலியின் செவேசோ நகரத்தின்மேல் கவிந்த நச்சுமேகத்தில், ஒரு ரசாயன ஆலையின் விபத்தால் அது பிறந்தது. இவ்வாறு சரித்திரத்தில் இடம்பெற்ற சம்பவங்களை விட்டால், உலகெங்கும் அது சத்தமில்லாமல் சாதாரண நெருப்பில் உருவாகிறது. கரியும் குளோரினும் பிராணவாயுவும் சேர்ந்து, செம்பு போன்ற ஓர் உலோகத்தின் தூண்டுதலும் அமைந்து, 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான உஷ்ணமும் வாய்த்துவிட்டால் அதுவே போதும். 850 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் இரண்டு வினாடி நிறுத்தினால் டயாக்சின் சிதைந்துபோகும் என்பது உண்மையே. ஆயினும் அந்த வாயு மெதுவாகக் குளிர்ந்தால், சாம்பல் துகள்களின் முகத்தில் அது மறுபடியும் பிறந்துவிடும். புகைந்துகொண்டே கிடக்கும் குப்பைமேட்டுக்கோ இந்த நியதிகள் எவையும் இல்லை. குழாய்களிலும் கம்பி உறைகளிலும் தலைவர்களின் படம் தாங்கிய ஃப்ளெக்ஸ் பதாகைகளிலும் உள்ள பிவிசி குளோரினைத் தருகிறது. எச்சில் இலையில் ஒட்டிய உப்பும் தன் பங்கைத் தருகிறது. அரைகுறையாக எரியும் நெருப்பு மற்ற எல்லாவற்றையும் தந்துவிடுகிறது.

புகையை முகர்ந்துதான் இந்த நஞ்சு உடலுக்குள் வருகிறது என்று எண்ணுவோர் பலர். மனிதருக்குச் சேரும் டயாக்சினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆகாரத்தின் வழியாகவே வருகிறது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. அதிலும் பெரும்பகுதி பால், மாமிசம், மீன் முதலிய கொழுப்புள்ள உணவுகளின் வழியாக. புகை புல்லின்மேல் படிகிறது. புல்லையும் அதனோடு ஒட்டிய மண்ணையும் பசு மேய்கிறது. நீரில் கரையாத நஞ்சு கொழுப்பைத் தேடிச் சென்று பாலில் இறங்குகிறது. இந்தப் பாதையை ஏட்டிலிருந்து நாட்டுக்குக் கொண்டுவந்து நிரூபித்த ஆராய்ச்சிகளுள் ஒன்று நமக்கு அருகிலேயே, சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் அமைந்த பெருங்குடிக் குப்பைமேட்டில் நடந்தது.

ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஷின்சுகே தனபேயின் தலைமையில் இயங்கிய குழு, தமிழ் விஞ்ஞானியான அண்ணாமலை சுப்பிரமணியன் போன்றோரின் கூட்டுறவுடன், ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைமேடுகளை ஆராய்ந்தது. 2003-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை, பெருங்குடி உள்ளிட்ட மேடுகளின் மண்ணில் டயாக்சின் மிகுந்திருப்பதைக் காட்டியது. பகலிரவாகப் புகைந்த குப்பையே அதன் பிறப்பிடம் என்று தெரிந்தது. மறு ஆண்டு வெளியான கட்டுரை இன்னும் கவலை தருவது. மேட்டை அண்டி வாழ்ந்த தாய்மார்களின் தாய்ப்பாலில், வேறிடத்துத் தாய்மார்களைக் காட்டிலும், அந்தக் குழு ஆராய்ந்த பிற ஆசிய நாடுகளின் தாய்மார்களைக் காட்டிலும், டயாக்சின் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இருந்தது. அது எப்படி வந்திருக்கும் என்று தேடிய ஆராய்ச்சியாளர்கள், மேட்டருகே கிடைத்த பசும்பாலையும் பரிசோதித்து, அந்தப் பாலே வாயில் என்று ஊகித்தார்கள். குப்பையில் மேய்ந்த பசு, நெருப்புக்கும் குழந்தைக்கும் இடையே பாலமாகிவிட்டது. இதைப் படிக்கும் தாய்மார்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: தாய்ப்பாலின் நன்மை இந்தத் தீங்கைக் காட்டிலும் மிகப் பெரிது என்பதில் வைத்திய உலகுக்குக் கருத்து வேற்றுமை இல்லை, நிறுத்த வேண்டியது நெருப்பையே.

சித்தூரில் வசிப்பவர் இந்தப் பெருங்குடி வரலாற்றைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மழை பொய்த்த வருஷங்களில் விவசாயக் குடும்பங்களைத் தாங்கி நிறுத்துவது இங்கே கறவை மாடுதான். 2002-ல் மூடப்பட்ட சித்தூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை ஒரு காலத்தில் இப்பிரதேசத்தின் பெருமையாக இருந்தது. அது மூடிய பின்னரும் தனியார் ஸ்தாபனங்களின் வழியாகப் பால் ஓடிக்கொண்டே இருக்கிறது, எல்லை தாண்டித் தமிழ்நாட்டு அடுப்புகளுக்கும் வருகிறது. உலகின் மிகக் குள்ளமான மாட்டினங்களுள் ஒன்றான புங்கனூர்ப் பசு பிறந்த மண்ணும் இதுவே. டயாக்சினின் மூலம் எது என்ற கேள்வி, இங்கே பாலின் நம்பகத்தைப் பற்றிய கேள்வியாகவே நிற்கிறது.

மூலத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நெருப்பிலிருந்து புறப்பட்டு நஞ்சை நோக்கிச் செல்வது. இரண்டாவது, நஞ்சிலிருந்து புறப்பட்டு நெருப்பை நோக்கித் திரும்புவது.

முதல் வழி, கணக்குப்பிள்ளையின் வழி. ஒரு பிரதேசத்தில் எந்தப் பொருள் வருஷத்துக்கு எத்தனை டன் எரிகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வகையில் ஒரு டன் எரிந்தால் எத்தனை மைக்ரோகிராம் டயாக்சின் பிறக்கும் என்பதற்கு ஓர் எண் வேண்டும். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் உருவாகி 2004-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2006 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. அதன்படி ஒவ்வொரு நாடும் தன் டயாக்சின் கணக்கைக் காட்ட வேண்டியிருப்பதால், ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு வழிகாட்டி நூலைத் தயாரித்தது. மூலங்களைப் பத்து இனங்களாகப் பிரித்து, காற்று, நீர், நிலம், உற்பத்திப் பொருள், எஞ்சிய கழிவு என்னும் ஐந்து திசைகளில் நஞ்சு போகும் வழியைக் குறித்து, வகை வகையாக எண்களைத் தருகிறது அந்நூல். 2013-ல் வெளிவந்த பதிப்பின் எண்களை எடுத்துக்கொண்டு இப்பிரதேசத்தைச் சுற்றிப் பார்ப்போம்.

சேஷாசலக் காட்டிலிருந்து தொடங்கலாம். 2014 மார்ச்சில் திருமலையை ஒட்டிய காடுகள் பற்றி எரிந்தபோது, ஹெலிகாப்டர் கொண்டு நீர் தெளிக்கும் நிலை ஏற்பட்டதை யாத்திரிகர் பலர் நினைவு வைத்திருப்பார்கள். வானத்தையே மறைத்த அந்தப் புகையைக் கண்டவர் இதைவிடப் பெரிய மாசு வேறென்ன இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் காட்டுத் தீக்கு அந்த நூல் தரும் எண், டன்னுக்கு ஒரே ஒரு மைக்ரோகிராம். செம்பை எடுப்பதற்காக மின்கம்பியின் உறையை எரிப்பதற்கு அது தரும் எண்ணோ, டன்னுக்கு 12,000. பத்தாயிரம் டன் காடு எரிந்தால் பிறக்கும் டயாக்சினைவிட, ஊருக்கு வெளியே பழைய இரும்புச் சாமான் வியாபாரத்தின் பெயரால் ஒரு டன் கம்பி எரிந்தால் பிறக்கும் டயாக்சின் அதிகம். பிவிசியும் செம்பும் மந்தமான நெருப்பும் ஒரே இடத்தில் கூடுவதன் விளைவு இது. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது கணக்கில் சிறிதாவதும், யாரும் திரும்பிப் பாராதது கணக்கில் முதலிடம் பிடிப்பதும் இத்துறையில் அடிக்கடி நேர்கிறது.

கரும்புத் தோட்டத்துச் சோகையைக் கொளுத்துவதற்கு டன்னுக்கு நான்கு. கண்ணைக் கரிக்கும் புகை என்ற வகையில் அது வேறு தீங்குகளைச் செய்யும். டயாக்சின் விஷயத்தில் விவசாயியை முதற் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. வீட்டுக் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 40. குப்பைமேட்டில் தீப்பிடித்தால் 300. நாளொன்றுக்குப் பத்து டன் குப்பை எரியும் ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொண்டால், தெருவோரம் எரிந்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 0.15 கிராம், மேட்டில் புகைந்தால் ஏறத்தாழ 1.1 கிராம் டயாக்சின் பிறக்கும். ஒரு கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக வகுத்தால் கிடைப்பது ஒரு பிகோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் விதித்த வரம்பின்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, வாரம் ஒன்றுக்கு, மனிதன் தாங்கக்கூடியது அத்தகைய இரண்டே பிகோகிராம்.

மருத்துவமனைக் கழிவுக்கு வரும்போது எண்கள் நம்மைத் திகைக்கவைக்கின்றன. கட்டுப்பாடற்ற பழைய உலையில் எரித்தால் டன்னுக்கு 40,000 மைக்ரோகிராம்; இரண்டாம் அறையில் உயர்ந்த உஷ்ணமும், வாயுவைச் சட்டென்று குளிர்விக்கும் ஏற்பாடும், வடிகட்டும் சாதனமும் பொருந்திய நவீன உலையில் எரித்தால் ஒன்று. அதே கழிவு, அதே நெருப்பு. வித்தியாசம் நாற்பதாயிரம் மடங்கு. ரூயா அரசு மருத்துவமனை, ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையம் முதலிய பெரிய வைத்தியசாலைகளால் பல ஜில்லாக்களின் நோயாளிகளை ஈர்க்கும் திருப்பதி போன்ற நகரத்துக்கு இந்த ஓர் எண்ணே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடக்கூடியது. 2016-ல் வந்த உயிர்மருத்துவக் கழிவு விதிகள், இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1,050 டிகிரி உஷ்ணமும் இரண்டு வினாடித் தங்குதலும் வேண்டும் என்றும், புகையின் ஒரு கன மீட்டரில் 0.1 நானோகிராமுக்கு மேல் டயாக்சின் இருக்கலாகாது என்றும், குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளை ஒழிக்க வேண்டும் என்றும் விதித்தன. நல்ல விதிகள். ஆனால் டயாக்சின் சோதனை வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் போதும் என்பது அவற்றின் பலவீனம். உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும்தான் டயாக்சின் பெருகுகிறது. முன்கூட்டி நாள் குறித்து, உலை நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சில மணி நேரத்தில் எடுத்த மாதிரி, மற்ற 364 நாட்களின் நிலைக்குச் சாட்சியாகாது.

திருப்பதி நகரத்தின் பழைய குப்பை நெடுங்காலம் ராமாபுரத்தில் குவிந்தது. தூக்கிவாக்கத்தில் பிரித்துப் பக்குவப்படுத்தும் ஏற்பாடுகள் பின்னால் வந்தன. திருமலையில் 2022 ஜூன் முதல் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. மலைமேல் பிளாஸ்டிக் குறைந்தால் கீழே எரியும் குளோரினும் அந்த அளவு குறையும் என்பதால், இதை டயாக்சின் தடுப்பு முயற்சியாகவே நான் மதிக்கிறேன். ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்தில் இரும்பு உருக்கிக் குழாய் வார்க்கும் தொழில் உண்டு. ரேணிகுண்டாவை ஒட்டிய தொழிற்பேட்டைகள் உண்டு. செங்கல் சூளைகளும் வெல்லம் காய்ச்சும் அடுப்புகளும் மாம்பழக் கூழ் ஆலைகளின் கொதிகலன்களும் உண்டு. இவற்றில் எது எவ்வளவு என்பது, அடுப்பில் இடுவது விறகும் சக்கையுமா, அல்லது அவற்றோடு கிழிந்த டயரும் பிளாஸ்டிக்குமா என்பதைப் பொறுத்தது. போகியன்று விடியற்காலையில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஏற்றப்படும் போகி நெருப்பிலும் அதே வேறுபாடுதான்: பழைய பாயும் வறட்டியும் எரிந்த காலத்தில் அது ஒரு சடங்கு; டயரும் செயற்கை நார் மெத்தையும் எரியும் காலத்தில் அது ஒரு ரசாயனச் செயல்.

இந்த முதல் வழியின் குறை என்னவென்றால், பெருக்கும் இரண்டு எண்களுமே நம்பத்தகாதவையாக இருக்கலாம். எத்தனை டன் எரிந்தது என்பதை எந்த ஊராட்சியும் பதிந்துவைப்பதில்லை. சட்டவிரோதமான நெருப்புக்குக் கணக்கேடு ஏது? டன்னுக்கு எவ்வளவு என்பதும் மாறிக்கொண்டே வருகிறது. குப்பைமேட்டுத் தீக்கு 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு கொடுத்த எண் 1,000. 2013-ல் அது 300 ஆனது. நெருப்பு மாறவில்லை, அறிவு மாறியது. இந்தியா முழுமைக்கும், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கான தேசியத் திட்டத்தில் கணக்கிட்ட தொகை வருஷத்துக்கு ஏறத்தாழ 8,650 கிராம். அதில் கழிவு எரிப்பின் பங்கே பெரிது. இத்தகைய தேசியத் தொகையை ஜில்லாக்களுக்கு ஜனத்தொகைப்படி பகிர்ந்து, இதுவே சித்தூரின் பங்கு என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் சித்தூரைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது.

கணக்கை விடாது பின்தொடர்ந்தால் என்ன பலன் உண்டு என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் சான்று. அந்நாட்டின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1987-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட டயாக்சின் ஏறத்தாழ 14,000 கிராம். 2000-ஆம் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 1,400 கிராமாக, பத்தில் ஒரு பங்காக, இறங்கியது. நகரக் குப்பை உலைகளும் மருத்துவமனை உலைகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திருந்திய பிறகு, அதுவரை யாரும் பொருட்படுத்தாத கொல்லைப்புறப் பீப்பாயில் குப்பை எரிக்கும் பழக்கம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நின்றது. இரண்டு முதல் நாற்பது குடும்பங்கள் நாள்தோறும் அவ்வாறு எரித்தால், தினம் 180 டன் குப்பையை எரிக்கும் நவீன நகர உலை ஒன்றுக்குச் சமமான டயாக்சின் பிறக்கலாம் என்று அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2000-ல் எழுதினார்கள்.

இரண்டாவது வழி துப்பறிவோன் வழி. 17 நச்சு உறுப்பினர்களும் ஒவ்வொரு நெருப்பிலும் ஒரே விகிதத்தில் பிறப்பதில்லை. எரிப்பில் பிறந்த கூட்டத்தில் ஃபியூரான்கள் பெரும்பாலும் ஓங்கி நிற்கும். பென்டாகுளோரோஃபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியோடு வந்த கூட்டத்தில் எட்டுக் குளோரின் ஏறிய டயாக்சின் ஓங்கி நிற்கும். கைரேகை போன்ற இந்த விகிதங்களை ஒப்பிட்டு மூலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 2007-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கொத்தவரைப் பிசினில் டயாக்சின் அகப்பட்டபோது, உடன் பென்டாகுளோரோஃபீனாலும் அகப்பட்டதால், குற்றம் எந்தப் புகையினுடையதும் அல்ல என்பது தெளிவாயிற்று. 1998-ல் ஜெர்மனியின் தென்மேற்கில் பசும்பாலில் டயாக்சின் ஏறத் தொடங்கியது. உள்ளூர்ப் புகைபோக்கிகளைக் குற்றம் சாட்டுவதற்கு முன் தீவனத்தைச் சோதித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த ஆரஞ்சுச் சக்கையில் கலந்த சுண்ணாம்பு, ஒரு ரசாயன ஆலையின் கழிவு என்று வெளிப்பட்டது. பாலை இடைவிடாமல் சோதித்துவந்த ஒரு ராஜ்யமே அதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஜப்பானியரின் அனுபவம் நமக்கு அதிகப் பிரயோஜனமானது. குப்பை உலைகளே டயாக்சினுக்கெல்லாம் காரணம் என்று அந்நாடு நம்பியிருந்த காலத்தில், யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் மசுனாகா முதலியோர் டோக்கியோ விரிகுடாவின் வண்டலை அடுக்கடுக்காக வெட்டி ஆராய்ந்தபோது, அதில் படிந்திருந்த டயாக்சினின் பெரும்பகுதி, முந்தின தலைமுறை நெல்வயல்களில் தெளித்த களைக்கொல்லிகளில் கலப்படமாக வந்தது என்று தெரியவந்தது. வண்டல் பொய் சொல்லாது. டயாக்சின் ஆதிமனிதன் நெருப்பு மூட்டிய நாளிலிருந்தே உலகில் உள்ளது என்று அமெரிக்காவின் பெரிய ரசாயனக் கம்பெனி ஒன்று 1978-ல் வாதித்ததற்கும், ஆலைகளுக்கு வெகு தொலைவில் உள்ள ஒரு தீவின் ஏரி வண்டல்தான் மறுப்புச் சொன்னது. காற்றன்றி வேறு வழியில் மாசு சேர முடியாத, அந்தத் தீவின் சிஸ்கிவிட் ஏரியில், 1940 வாக்கிற்குப் பிறகே டயாக்சின் பெருகியதை 1984-ல் சுச்வா, ஹைட்ஸ் முதலியோர் காட்டினார்கள். விறகு எரித்த நூற்றாண்டுகளில் இல்லாதது, குளோரின் கலந்த பண்டங்களை எரித்த நூற்றாண்டில் வந்தது.

சித்தூர்ப் பிரதேசத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ராயலசீமையின் அரசர்களும் பாளையக்காரர்களும் ஊர்ச்சபைகளும் வெட்டிய ஆயிரக்கணக்கான ஏரிகள், தெலுங்கில் செருவு எனப்படுபவை, வருஷா வருஷம் மழைநீரோடு வரும் மண்ணை அடுக்கடுக்காக ஏற்றுக்கொண்டு கிடக்கின்றன. தூர் வாரப்படாத ஒரு மூலையில் குழாயை இறக்கி வண்டலை எடுத்தால், பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய காலமும் வந்த பின்னைய காலமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு மாதிரியில் பிகோகிராம் அளவில் டயாக்சினைப் பிரித்தறிய, கனமான கார்பன் அணுக்களால் அடையாளமிட்ட பிரமாணப் பொருள்களும், உயர்திறன் கொண்ட நிறையறி கருவியும், அதில் கைதேர்ந்தவர்களும் வேண்டும். செலவு மிகுந்த வேலை. ஆனால் நாட்டில் வசதி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் பல்துறை விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையம் டயாக்சின் சோதனைக்கு அமைந்த பிரத்யேக ஆய்வகத்தை நடத்திவருகிறது. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேட்டில் ஏற்பட்ட தீயையும் அதன் டயாக்சினையும் ஆராய்ந்தவர்கள் அவர்கள்.

திசையைச் சொல்ல இன்னொரு சாட்சி திருப்பதியின் வாசலிலேயே நிற்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கியில், 1992-ல் தொடங்கிய ராடார் நிலையம் இன்று விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, மேல்வானத்துக் காற்றை அல்லும் பகலும் அளந்துவருகிறது. ஒரு நாளில் ஓரிடத்தில் எடுத்த காற்று மாதிரியில் டயாக்சின் உயர்ந்திருந்தால், அந்தக் காற்று முந்தைய இரண்டு மூன்று நாட்களில் எந்தெந்த ஊர்களின்மேல் தவழ்ந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட முடியும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் திசை மாறும் காற்றுக்கு ராஜ்ய எல்லை தெரியாது. சித்தூரின் புகை வேலூர்ப் பக்கம் போகும் நாளும் உண்டு, பாலாற்றங்கரையின் புகை வேங்கடத்தை நோக்கி வரும் நாளும் உண்டு. நீவா நதி சித்தூரைக் கடந்து பொன்னையோடு பாலாற்றுப் படுகைக்கு வருவதால், சாம்பலில் தங்கிய நஞ்சுக்கும் அப்படியொரு வழி இருக்கிறது. தமிழ் வாசகர் இதை அயலூர் விவகாரமாகக் கருதுவதற்கு இடமில்லை.

என் அபிப்பிராயம் இது. கணக்குப்பிள்ளையின் தொகையும் துப்பறிவோனின் சாட்சியமும் தனித்தனியே நின்றால் இரண்டும் அரைகுறை. இரண்டும் ஒரே நெருப்பைச் சுட்டும் இடத்தில்தான் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது. அதுவரை கரும்பு விவசாயியின்மேலும் பாயக்கூடாது, ஏதோ ஓர் ஆலையின்மேல் மட்டும் விரல் நீட்டவும் கூடாது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. எவ்வளவு எரிகிறது என்று எண்ணாத ஊரில் அந்த அபராதம் யாரைத் திருத்தும்?

முதற் காரியம், பாலைச் சோதிப்பது. 2005-ல் திருப்பதியில் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாட்டை அறியும்; 1954 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் மண்ணையும் ரசாயனத்தையும் அறியும்; காதங்கி காற்றை அறியும்; திருவனந்தபுரம் நஞ்சை அளக்கும். குப்பைமேட்டின் பக்கத்திலும், மருத்துவக் கழிவு உலையின் பக்கத்திலும், தொழிற்பேட்டையின் பக்கத்திலும், இவை எதுவும் இல்லாத ஒரு மலையடிவார கிராமத்திலும் மேயும் பசுக்களின் பாலை, நாட்டுக்கோழி முட்டையை, மேய்ச்சல் நிலத்து மண்ணை ஒரே பருவத்தில் எடுத்து, அதே வருஷத்தில் அந்தந்த ஊரில் எரியும் குப்பையையும் எடைபோட்டுப் பார்த்தால், ஊகம் என்னும் பெயர் போய் அறிவு என்னும் பெயர் வரும். ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த நான்கு ஸ்தாபனங்களையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, கிடைக்கும் முடிவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் ஊர் ஊராக வெளியிட வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்: கொல்லையில் பிளாஸ்டிக்கும் ஃப்ளெக்ஸும் எரியவிடாதீர்கள், கம்பி எரிப்பவரைக் கண்டால் நகராட்சிக்குச் சொல்லுங்கள், உங்கள் மாட்டைக் குப்பைமேட்டுக்கு ஓட்டாதீர்கள்.